புகைக்குழாயில் வெள்ளைத் துணி

இரண்டாயிரமாவது ஆண்டின் தொடக்கத்தில், என் கணவரின் அண்ணன் பெங்களூர் தொம்மலூரில் நடத்திய லாரி கம்பெனியில் ஒரு மெக்கானிக் இருந்தார். அடர்ந்த புருவம், காய்த்துப்போன கை. காலையில் பழைய லாரியின் இன்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்து, கறுக்கிறதா என்று பார்ப்பார்.

புகையைக் குறைக்க எந்த லாரிகளைக் காயலான் கடைக்கு அனுப்பலாம் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் எடுத்தவள் என் மகள். அந்தப் பழைய லாரிதான் முதலில் இருந்தது. நான் அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது, மெக்கானிக் துணியோடு ஆபீஸுக்குள் வந்தார்.

"பாரும்மா, எங்கயாச்சும் கறுத்திருக்கா?"

"வண்டி வயசை வெச்சுதாண்ணா லிஸ்ட். புகையை யாரும் பாக்கல" என்றாள் மகள்.

"மெஷினைவிட உனக்குத் தெரியுமோ? போய் வேலையப் பாருய்யா" என்று சிரித்தார் பக்கத்தில் நின்ற கணவரின் அண்ணன்.

மெக்கானிக் வெளியே போய் வீல் ஸ்பேனரை எடுத்துவந்தார். "கைய எடும்மா" என்றார் மகளிடம். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்த பிறகே ஓங்கினார். மானிட்டர் வெடித்துக் கண்ணாடி பறந்தது. தடுக்கப்போன கணவரின் அண்ணனுக்கு மணிக்கட்டு முறிந்தது. மேசை பிளக்கும்வரை அடித்தார்.

"பொண்ணை அடிக்க வந்தானா?" என்று பிறகு வந்த போலீஸ்காரர் என்னிடம் கேட்டார். "ஆமாம்" என்றேன்.

மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்தார். அடிக்கும் முன் மகளைக் கையை எடுக்கச் சொன்னதை நானும் சொல்லவில்லை. ஏனோ, அவரும் சொல்லவில்லை.