பாட்டில்லாமல் இடித்த பத்து நிமிஷம்

ஆம்பூரில் மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்தவள் சவுரியம்மாள். அவள் விடும் மூச்சை ஒருவர் பையில் பிடித்துக்கொண்டு போவார் என்று 1934க்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், "காலையிலேயே கள்ளா?" என்று கேட்டிருப்பாள்.

பதினாறு வயதில் உலக்கை பிடித்தவள். தோல் பதம் போடப் பட்டைத்தூள் வேண்டும். கல்லுரலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் முனியம்மா, மாற்றி மாற்றிப் போடும் இடி. இருபது வருஷமாக அப்படித்தான். அவளுக்கு இருந்தது ஒரே குறை, மத்தியானக் கூழ். ஷாப்பில் ஆணுக்கு ரெண்டு ஆப்பை, பெண்ணுக்கு ஒன்று. மூன்று மணிக்கு மேல் உலக்கை கனத்துப்போகும், கண் இருட்டும். கேட்டால் சாயபு, "தோல் சொரண்டுறவனுக்கு வேல ஜாஸ்தி. உங்க வேல கம்மிதானே?" என்பார்.

அந்த வருஷம்தான் சென்னையிலிருந்து சாமுவேல் என்ற இளம் டாக்டர் வந்தார். எந்த வேலைக்கு உடம்பு எவ்வளவு சாப்பாட்டைச் செலவழிக்கிறது என்று அளக்க வந்தவர். முதுகில் ஒரு ரப்பர்ப் பை, வாயில் குழாய், மூக்குக்கு ஒரு கிளிப்பு. முதலில் வெறும் வயிற்றோடு அவளைப் பாயில் படுக்கச் சொன்னார்.

"சும்மா படுத்துக்கினு கெடக்கறதுக்கு இன்னாங்கய்யா அளவு?"

"படுத்திருந்தாலும் இதயம் அடிக்குதே அம்மா. உள்ள எரியற அடுப்பு அணையறதே இல்ல. தின்ன சோறு எரியக் காத்து வேணும். எவ்வளோ காத்து செலவாச்சுன்னு பாத்தா, எவ்வளோ சோறு எரிஞ்சுதுன்னு தெரிஞ்சுடும்."

சவுரியம்மாள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ எத்தினி ஆப்பை கூழுன்னும் சொல்லுமா?"

பக்கத்தில் நின்ற சாயபு சிரித்தார். "சொல்லட்டும். ஆம்பளைக்குச் சமம்னு அந்தப் பை சொன்னா, அன்னிக்கே ரெண்டு ஆப்பை. இது என் பேச்சு."

தோல் சுரண்டும் சுப்பராயனை முதலில் அளந்தார்கள். நிமிஷத்துக்கு நாலரைக் கலோரி. அடுத்தது சவுரியம்மாள். "குழாய் வாயில இருக்கறப்போ பேச்சே கூடாது" என்றார் டாக்டர். அது தனக்கும் சேர்த்துத்தான் என்று முனியம்மாவும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டாள்.

பத்து நிமிஷம் இடித்தார்கள். உலக்கையோடு உலக்கை முட்டியது. இவள் போடட்டும் என்று அவள் நிற்க, அவள் போடட்டும் என்று இவள் நிற்க, ஒரே பேஜார். மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் மூன்றுக்கும் குறைவு.

"மூச்ச புடிச்சி வெச்சிக்கினியா சவுரி? பாதிப் பைகூட ரொம்பல போலக்குதே!" என்றான் சுப்பராயன்.

சாயபு வழக்கம்போல ஒரு ஆப்பை ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

சவுரியம்மாள் குடிக்கவில்லை. நேற்றைய தூள் உரலோரம் அப்படியே கிடந்தது. அதை முறத்தில் அள்ளினாள். ஒரு முறம்கூட நிறையவில்லை.

"டாக்டரய்யா, உங்க கடியாரத்த எடுங்க. முனியம்மா, வாடி."

அவள் பாட்டெடுத்தாள். "ஆவாரங்கட்டு ஒண்ணு, ஆம்பூரு வண்டி ரெண்டு..." ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உலக்கை இறங்கியது. முனியம்மா எதிர்ப்பாட்டுச் சொல்லச் சொல்ல அடுத்தது இறங்கியது. பத்தாவது நிமிஷத்தில் டாக்டர் கையைத் தூக்கினார். தூள் ரெண்டு முறம், அதற்கு மேலும் கொஞ்சம்.

"பாருங்க. பை பொய் சொல்லலீங்க. நேத்து நாங்க வேலையே செய்யல."

சாமுவேல் குனிந்து ரெண்டு குவியலையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை, திருவிழாவில் பொம்மலாட்டம் பார்க்கிற பிள்ளையின் களை. "பாட்டுதான் தாளமா? அப்போ நீங்க குழாயப் போட்டுக்கங்க. பாட்ட இந்தம்மா எடுக்கட்டும்."

முனியம்மாவுக்கு வெட்கம் பத்து இடி வரைக்கும்தான். அப்புறம் பாட்டை இஷ்டத்துக்கு இழுத்துவிட்டாள்: "ஆம்பளைக்கி ரெண்டு ஆப்பை, அத்த குடுக்கும் பாய்க்கு ஒரு தொப்பை..."

குழாயைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்க சவுரியம்மாள் பட்ட பாடு! பை புடைத்துக்கொண்டு நின்றது.

மறுநாள் டாக்டர் காகிதத்தைச் சாயபுவிடம் நீட்டினார். நாலே முக்கால்.

சாயபு ரெண்டு தடவை வாசித்தார். சுப்பராயனைப் பார்த்தார். அவன் பார்வை பாலாற்றுப் பக்கம் போயிருந்தது. சாயபு பேச்சு மாறுகிறவர் அல்ல. தானே ஆப்பையை எடுத்து, பட்டை இடிக்கிற பெண்களுக்கெல்லாம் ரெண்டு ரெண்டாக ஊற்றினார்.

சவுரியம்மாள் கூழைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"டாக்டரய்யா, ஒரு சந்தேகம். கொழாய் இருந்ததால நேத்து நான் பாடல, வெறுமனே இடிச்சேன். தெனம் பாடிக்கினேதான் இடிக்கறேன். அந்தப் பாட்டுக்கும் சோறு எரியுமில்ல?"

சாமுவேல் அவசரமாகப் பென்சிலைத் தேடினார். சாயபு அதைவிட அவசரமாகக் கூழ்ப்பானையை மூடினார்.