சரிங்க தொரை

பட்டணத்துக் கல்லூரியிலிருந்து எங்கள் மலை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வரும் புது டாக்டர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபதுகளின் கடைசியில் அங்கே பெரிய டாக்டர் நான். அவர்களைப் பழக்கி அனுப்புவது என் தலையில் விழுந்த வேலை. ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு, பளபளவென்று ஷூ, வாயைத் திறந்தால் பாடம். அந்த வருஷம் வந்தவன் இன்னும் ஒரு படி மேலே.

"இப்பல்லாம் நோயாளியையே நேரா கேக்கணும் மேடம். கூட வந்த ஆம்பளையக் கேட்டு முடிவு பண்றது பழைய முறை" என்று முதல் நாளே எனக்கு வகுப்பெடுத்தான். சொன்னது சரிதான். சொன்ன தோரணைதான் எனக்கு ஆகவில்லை.

ஆடலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண் அப்போது எங்கள் வார்டில் பிரசவித்திருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவள். முன்னால் பெற்றதில் ஒரு பையன்தான் தங்கினான். இந்தப் பெண் குழந்தையோ நோஞ்சான், பாலை இழுத்துக் குடிக்கக்கூடத் தெம்பில்லை. அதற்குள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சொன்னார் என்று அவள் புருஷன் கருத்தடை ஆபரேஷனுக்குத் தலையாட்டிவிட்டுப் போயிருந்தான். குழந்தை பிழைக்காவிட்டால்? அதை யாரும் அவளிடம் பேசவில்லை.

ஒரு நாள் காலையில் என் புது டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "அந்தம்மாகிட்டயே கேட்டேன் மேடம். சம்மதம். இன்னைக்கே பண்ணிடலாம்."

"அவ என்ன சொன்னா?"

"சரிங்க தொரைன்னாங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கட்டிலருகே அவனைக் கூட்டிப்போய், மாற்றிக் கேட்கச் சொன்னேன்.

"ஆபரேஷன் வேண்டாமாம்மா?"

"சரிங்க தொரை."

"அப்ப பண்ணிடலாமா?"

"சரிங்க தொரை."

"மலை மேலேருந்து உருட்டி விடட்டுமான்னு கேளுங்க. அதுக்கும் இதத்தான் சொல்லுவா!" என்று கத்தினேன். கோட்டும் ஷூவும் போட்டவன் எதிரே நின்றால் தோட்டக் கூலிகளின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு வரும் ஒரே பதில் அது. தொரை சீக்கிரம் நகர்ந்து போகட்டும் என்பதற்காகச் சொல்வது. அதைப் போய்ச் சம்மதம் என்று நினைத்தானே, படித்த மடையன்!

அவன் கோட்டைக் கழற்றினான். கட்டிலருகே தரையில் குத்துக்காலிட்டுக் கெஞ்சாத குறையாகக் கேட்டான். அதே பதில். சரி, நான் பெண்ணாயிற்றே என்று நான் கேட்டேன்.

"சரிங்கம்மா."

வந்த ஆத்திரத்தை எல்லாம் அவன் தலையில் கொட்டினேன். "புருஷனும் சரின்னுட்டான், அவளும் சரின்னுட்டா. அப்புறம் என்ன? வெரசா தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய் அறுங்க. இது என் ஆர்டர்."

"மாட்டேன்" என்றான்.

"என்னய்யா சொன்னீங்க?"

"மாட்டேன் மேடம். அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. தெரியாம கத்தி வைக்க மாட்டேன். நீங்க காலேஜுக்கு என்ன வேணா எழுதிப் போடுங்க."

அந்த ஆஸ்பத்திரியில் எவனும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவன் காது முழுக்கச் சிவந்திருந்தது, ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கட்டிலில் கிடந்தவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கும் வேணாங்க" என்றாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பயிற்சி முடிந்து பஸ் ஏறும்வரை நாங்கள் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

அன்று மத்தியானம் அவள் புருஷன் வந்து, யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று குதித்தான். நானும் டாக்டரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அவள் எங்களைப் பேசவிடவில்லை.

"என்னையக் கேட்டுத்தான்" என்றாள்.