நனையாத மெஷின்

என் அக்காவின் நெஞ்சு மலையில் தகராறு செய்தது, ஆஸ்பத்திரியில் ஒழுங்காக அடித்தது. எல்லாத் தொல்லையும் இங்கேதான் தொடங்கியது. மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்தாள். சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் ஏறும்போது நெஞ்சு நின்றுபோவது போல இருக்குமாம், கண் இருட்டுமாம், தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்து நிரையில் பறிக்கும் கூட்டாளிதான் ஹட்டனுக்கு வந்தபோது நான் வேலை செய்யும் துணிக்கடையில் ஏறிச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த லீவு நாளில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கட்டிலில் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். படம் சுத்தமாக வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்து, கடைசியில் காலை நீட்டிப் படுத்தவளுக்கு வேறு எப்படி வரும்? டொக்டர் இளவயதுக்காரர், சிங்களவர், நல்ல மனுஷன். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நெஞ்சு இடையில் நின்று நின்று அடிக்கிறது என்றால் அது படத்தில் விழ வேண்டும் என்றார். விழுந்தால் கொழும்புக்கு எழுதிக் கொடுப்பார், அங்கே நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள், அதற்குப் பிறகு பயமில்லை. விழாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கென்றே ஒரு புது மெஷின் வந்திருந்தது. நெஞ்சில் ஒட்டும் ஸ்டிக்கர்கள், வயர்கள், கழுத்தில் தொங்கும் ஒரு குட்டிப் பெட்டி. இரண்டு நாள் போட்டிருந்தால் நெஞ்சின் ஒவ்வொரு துடிப்பையும் பதிந்து வைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் இதற்குக் கண்டிக்குப் போக வேண்டும். டொக்டர் அதை எங்களுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். புதுப் போன் வாங்கியவர் முகத்தில் இருக்கும் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வழக்கமாகச் செய்யும் வேலையை எல்லாம் செய்ய வேண்டும், மெஷின் மட்டும் நனையக் கூடாது என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ் அதைத் தமிழில் சொன்னார். முதல் பாதியை மெதுவாகச் சொன்னார், இரண்டாம் பாதியை அதட்டிச் சொன்னார். மஸ்கெலியாவில் அது மழைக்காலம். கொழுந்து பறிப்பவள் நனையாமல் எப்படி வேலை செய்வாள் என்று டொக்டரும் யோசிக்கவில்லை, மிஸ்ஸும் யோசிக்கவில்லை. இந்த மெஷினைச் செய்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்த அக்காவைப் பார்த்து அசந்துபோனேன். முகம் தெளிந்திருந்தது, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். மிஸ் பெட்டியைக் கழற்றிக்கொண்டே, மெஷின் எப்படி இருந்தது, ஏதாவது கஷ்டமா என்று கேட்டார். புது மெஷின் என்பதால் எல்லாரிடமும் கேட்டாக வேண்டுமாம்.

"ரொம்ப நல்லா இருந்திச்சுங்க மிஸ். இதப் போட்டதுல இருந்து மயக்கமே வரல" என்றாள் அக்கா.

டொக்டர் கணினியில் படத்தைப் பார்த்தார். அழகான படம், ஒரு துடிப்பு கூடப் பிசகவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, யோசனை அதிகமாக இருக்கலாம், சத்து மாத்திரை தருகிறேன் என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்த பிறகுதான் கேட்டேன். இரண்டு நாளும் அவள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கே போகவில்லை. கங்காணியிடம் சொல்லிவிட்டு, லயத்து வரிசை வீடுகளில் தோட்டம் கொடுத்திருந்த காம்பராவிலேயே படுத்திருந்தாள். லயத்துப் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கவர்மெண்ட் மெஷின், அடிபட்டாலோ நனைந்தாலோ லயத்துக்கே கெட்ட பெயர் என்று அவளை அசைய விடவில்லை. மெஷினைப் பார்க்கப் பக்கத்து லயத்திலிருந்துகூட வந்தார்களாம். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு நாள் சேர்ந்தாற்போல் படுத்திருக்கிறாள். நெஞ்சு ஏன் பிசகப் போகிறது? மெஷின்தான் வைத்தியம் என்றும், அதுதான் தன்னைச் சுகமாக்கியது என்றும் அவள் நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் எதைக் கொடுத்தாலும் அது மருந்துதான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

அவள் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அந்தப் படம் படுத்திருந்தவளின் படம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் போடத்தான் வேண்டும், ஆனால் இருப்பது ஒரே மெஷின், காத்திருப்பவர்கள் நிறையப் பேர், முறை வரும்போது போன் செய்வோம் என்றார். மாத்திரைகளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

முறை வருவதற்கு மாதங்கள் ஆயின. அதற்குள் ஸ்டிக்கர் முடிந்துபோய்க் கொஞ்ச நாள் மெஷின் அலமாரியில் கிடந்ததாம். அக்கா மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வேலையை விட்டுவிடு என்று நான் சொன்னால், விட்டால் காம்பராவை யார் வைத்திருக்க விடுவார்கள் என்று திருப்பிக் கேட்பாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. போனில் நான் சொன்னதை எல்லாம் கேட்டு ம் ம் என்பார்.

இரண்டாவது முறை மெஷின் போட்ட அன்று நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். படுக்கக் கூடாது. சாக்கைத் தூக்க வேண்டும். ஏற வேண்டும். மயக்கம் வந்தால் வரட்டும், அந்த மயக்கத்தைப் பிடிக்கத்தான் இந்த மெஷின் என்றேன். எங்கள் கடையிலிருந்து நல்லதாகப் பார்த்து ஒரு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்குக்கு மேலே அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் மெதுவாத்தான் ஏறுவேன். நீ கவலப்படாத, இந்தத் தடவ புடிச்சிரும்" என்றாள்.

மறுநாள் நடந்ததைக் கூட்டாளிதான் சொன்னார். காலையில் சொன்னபடி பெரட்டுக்கு வந்திருக்கிறாள், சாக்கோடு ஏறியிருக்கிறாள். பத்து மணிக்கு மேல் மழை வலுத்தது. சாக்கின் கயிறு தலையில் இருப்பதால் கோட்டின் தொப்பியை மாட்ட முடியவில்லை. கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அவள் பயந்துவிட்டாள்.

"மடுவத்துக்கு எறங்கிப் போயி கழட்டி, ரொட்டி கொண்டாந்த சொப்பிங் பேக்குல சுத்தி வச்சிட்டு வந்தாங்க. மழ விட்டதும் போட்டுக்கிறேன்னு சொன்னாங்க" என்றார் கூட்டாளி.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே கூரை இருக்கிறது. மெஷினைக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு அக்கா மழைக்குள் திரும்ப ஏறினாள். மழை விடவில்லை. நிரையின் பாதியில் உட்கார்ந்தாள், வழக்கமாக உட்காருவதுதானே என்று மற்றவர்கள் பறித்துக்கொண்டே போனார்கள். திரும்பிப் பார்த்தபோது செடிக்குள் சாய்ந்து கிடந்தாள். கம்பளியில் வைத்துத் தூக்கி லொறிக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்த வீட்டுப் பந்தலைப் பிரிப்பதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, அடுத்தவர் காத்திருக்கிறாராம். மெஷினைக் கூட்டாளி தன் வீட்டுச் சாமிப் படத்தட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அதே பையில், வயர்களைச் சுருட்டி, ஒரு துண்டில் பொதிந்து அக்கா எப்படி வைத்தாளோ அப்படியே இருந்தது. நான் கொண்டுபோனேன்.

டொக்டர் படத்தை எடுத்துப் பார்த்தார். காலையில் ஏறும்போது ஓரிடத்தில் துடிப்பு லேசாகத் தடுமாறியிருந்தது. அது போதாது என்றார், யாருக்குப் போதாது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வெறும் கோடு. மழை எத்தனை மணிக்கு வலுத்தது என்பது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. என் அக்கா எப்போது செத்தாள் என்பது அதில் இல்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்கு அவர் மீது கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மிஸ் பெட்டியைத் துடைத்து அமுக்கிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"நனையவே இல்ல. நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றார்.

அடுத்தவர் நோர்வூட் பக்கத்து அம்மா. நான் வாங்கில் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள் என்று மிஸ் சொன்னார், நனையக் கூடாது என்றும் சொன்னார். அந்த அம்மா பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டே, தோட்டத்தில் ரெண்டு நாள் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். மிஸ் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

வெளியே அவர் பின்னால் ஓடினேன். இதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போங்கள், படுத்திருந்தால் உங்கள் நெஞ்சில் இருப்பது இதில் தெரியாது என்று சொன்னேன். என் அக்காவைப் பற்றியும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் நின்று கேட்டார், என் கையைக்கூடத் தடவிக் கொடுத்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"நனைஞ்சு போச்சுன்னா யாரும்மா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, குடையைப் பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அவர் தலை நனைந்துகொண்டே போனது.