மூன்று தரம் சொன்ன மன்னிப்பு

2011-ஆம் வருஷம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்த மீன்பிடித் தடைக்காலத்தில் குளச்சலில் நடந்த சம்பவம் இது.

நான் மீன் ஏலம் விளிக்கிறவன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. கூடை சுமந்தேன், சைக்கிளில் மீன் கொண்டுபோய்த் திங்கள்சந்தையில் விற்றேன், பிறகு ஏலத்துக்கு நின்றேன். இன்றைக்கு இரண்டு மாடி வீடு. யார் கையையும் பிடித்து மேலே வரவில்லை. என் தொண்டையைப் பிடித்துத்தான் வந்தேன். அலை ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், காக்கை ஒரு பக்கம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதும் நான் விளிக்கிற விலை கடைசி வள்ளத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும். என்னைப் போல விளிக்க இந்தக் கரையில் இன்னொருவன் பிறக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு அவமானம் வந்ததும் அதே தொண்டையால்தான்.

வளைகுடாவில் இருக்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது ஒரு குட்டி லேப்டாப் கொண்டுவந்து தந்தான். நெட்புக் என்று பெயர். கையில் வாங்கியதுமே, "ஒண்ணேகால் கிலோ" என்றேன். பெட்டியில் அதே எடைதான் போட்டிருந்தது. மகன் வீட்டில் வைஃபையும் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அதில்தான் பேத்தியைப் பார்ப்போம். அவள் பல் விழுந்ததையும் அதில்தான் காட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை படம் வரவில்லை. மகன் போனில், "அப்பா, அதுல இருக்கது பழைய ஓ.எஸ். புதுசு போடணும். நீங்க ஒண்ணையும் ஞெக்கிப் பாக்காதிய, கடையில குடுங்க" என்றான்.

சந்தை ரோட்டில் ஒரு சின்னக் கடை இருந்தது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. அவளிடம் கொடுத்தேன். புது ஓ.எஸ். போட்டு, கடையில் வைத்தே நெட் ஓடுவதைக் காட்டினாள். "சின்ன மெஷின் அண்ணாச்சி, புதுசைப் போட்டா கொஞ்சம் பையத்தான் ஓடும். வெப்ராளப்படாதிய, பொறுத்திருங்க" என்றாள். நல்ல பிள்ளை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன சோப்பு போட்டாலும் என் கையில் மீன் வாடை போகாது. அதனால் அந்த மெஷினைத் தொட்டால் ஈரத்துணியை எடுத்து நான்கு ஓரத்தையும் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் மூடி வைப்பேன். அன்றும் வீட்டுக்கு வந்து அப்படியே துடைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை திறந்தால் நெட் இல்லை. கீழ் ஓரத்தில் ஒரு சின்னப் படம், அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. பக்கத்தில் ஒரு வரி இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது என் மனைவிக்குத் தெரியும்; ஆனாலும் வாசித்துப் பார்க்கிற மாதிரி மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். மெஷினை அணைத்துப் போட்டேன். புது ஓ.எஸ். எழுந்து வருவதற்குள் ஒரு காப்பி குடித்து முடித்தேன். குறுக்குக் கோடு அங்கேயே இருந்தது. அந்தப் பக்கம் பேத்தி காத்திருந்து தூங்கிவிட்டாள் என்று மகன் போன் செய்தான்.

கடைக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பதறாமல் கேட்டாள்: "அண்ணாச்சி, மெஷினுக்க முன் ஓரத்துல, கை வைக்க இடத்துக்குக் கீழ ஒரு சின்ன வைஃபை ஸ்விட்ச் உண்டு. அது ஒதுங்கிக் கெடக்கான்னு ஒண்ணு பாருங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஸ்விட்சு போடத் தெரியாத ஆளுன்னா என்னை நெனச்சே பிள்ளே?"

"அய்யோ, அப்பிடி இல்ல அண்ணாச்சி. எல்லாருக்கும் வாறதுதான்."

"எல்லாம் பாத்தாச்சு" என்று போனை வைத்தேன்.

பார்க்கவில்லை. குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் கூட்டாளி வியாபாரி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஓய், நெட்டு புடிக்கதுக்கு அதுக்க உள்ள நகத்தளவுல ஒரு கார்டு உண்டு. சில கடையில உருவிருவானுவ, கேட்டீரா?" என்றார். அவ்வளவு போதுமாக இருந்தது எனக்கு. எங்கள் தொழிலில் பெட்டிக்கு மேலே பெரிய மீனை அடுக்கி அடியில் பொடிமீனைத் திணிப்பவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் ஒரு பெட்டியை நான் ஏலத்துக்கு எடுத்ததில்லை. அப்படிப்பட்டவன், என் சொந்த மெஷினைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வெறுங்கையோடு அந்தக் கடைக்குப் போனேன்.

சாயங்காலம். சந்தைக்கு வந்த ஜனம் ரோடு நிறைய இருந்தது. நான் கடைக்குள் ஏறவில்லை. வெளியே நின்றேன்.

"எங்க பிள்ளே என் மெஷின்ல இருந்த கார்டு?"

"எந்தக் கார்டு அண்ணாச்சி?"

"நெட்டு புடிக்க கார்டு! உருவி எவன் மெஷின்ல வச்சே?"

"நான் உங்க மெஷினைத் தொறக்கவே இல்ல. கொண்டு வாங்க, இவ்வளவு பேருக்க முன்னால தொறந்து காட்டுகேன்."

"கொண்டு வந்தா மிச்சத்தையும் உருவவா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்தது. கரையில் கூட்டம் சேரச் சேர விலையை ஏற்றுவேனே, அதுபோல் குரலை ஏற்றினேன். "இங்கண சாமானம் குடுத்தவன் எல்லாம் வீட்டுல போயி எண்ணிப் பாத்துக்கிடுங்க மக்களே!"

அவள் அழவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தாள். கடைக்குள் நின்ற ஒருவர், பழுது பார்க்கக் கொடுத்திருந்த லேப்டாப்பை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

சில நாட்கள் போயின. மெஷினில் தூசி படிந்திருக்கிறதே என்று ஒரு காலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். முன் ஓரத்தைத் துடைத்தபோது துணிக்குள் ஏதோ 'டக்' என்று நகர்ந்தது. பக்கத்தில் நீலமாக ஒரு லைட் எரிந்தது. மெஷினைத் திறந்தேன். குறுக்குக் கோடு போய்விட்டது. நெட் வந்துவிட்டது.

துணி என் கையில் இருந்தது. கட்டைவிரல் இன்னும் அந்த ஸ்விட்சின் மேலேயே இருந்தது. அன்றைக்கு இப்படித் துடைத்துத்தான் அணைத்திருக்கிறேன் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது.

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வந்துட்டா? யாரு செரியாக்கினா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பாவம் அங்கேயே கழிந்திருக்கும். என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"யாரு செரியாக்க? நான்தான். நாகர்கோயில்ல போயி புதுக் கார்டு வாங்கிட்டு வந்து வச்சேன்."

"எப்பம் போனிய? ரெண்டு நாளா வீட்டுலதானே கெடக்கிய."

"நீ ஒறங்கும்போ போயிட்டு வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பொய் சொன்னதோடு நின்றேனா என்றால், இல்லை. கரையிலும் அதையே சொன்னேன். கழற்றியது எப்படி, மாட்டியது எப்படி என்று விரலால் காட்டி விளக்கினேன். படித்தவர்கள்கூட வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கும் அது நிஜம் போலவே தோன்றத் தொடங்கியது.

பிறகு ஒருநாள் வள்ளக்காரர் ஒருவர் இரண்டு தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நர்சிங் படிக்கும் தன் மகளின் லேப்டாப்பை அந்தக் கடையில் கொடுத்திருந்தாராம். என் பேச்சைக் கேட்டுப் பாதி வேலையில் திரும்ப வாங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, நீருதான் இதுல கில்லாடி. உள்ள எல்லாம் இருக்கான்னு பாத்துச் சொல்லும். ஒண்ணு கொறஞ்சாலும் சரி, இப்பமே போயி அந்தக் கடையை அடிச்சு ரோட்டுல போட்டுருவோம்."

தம்பிமார் இருவரும் உட்காரக்கூட இல்லை. வாசலிலேயே நின்றார்கள்.

நான் அந்த லேப்டாப்பைக் கையில் வாங்கினேன். அப்படிப் புரட்டினேன், இப்படிப் புரட்டினேன். எனக்குத் தெரிந்தது அதன் எடை மட்டும்தான்.

"எல்லாம் இருக்கு" என்றேன்.

"தொறக்காம எப்பிடி ஓய் தெரியும்?" என்றான் சின்னத் தம்பி.

திறக்காமல், பார்க்காமல், ஒரு பெண்ணைக் கள்ளி என்று நடுரோட்டில் சொன்னபோது என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"நீங்க ஒருத்தரும் போகாண்டாம். முதல்ல நான் போறேன்" என்று சொல்லிச் சட்டையை மாட்டினேன்.

கடை திறந்திருந்தது. அலமாரியில் முன்பு அடுக்கடுக்காக இருந்த மெஷின்களில் ஒன்றிரண்டுதான் மிச்சம். அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே ஏறி, வெளியே யாருக்கும் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்சு, துணி, நாகர்கோவில் பொய், எல்லாம். கடைசியில், "தப்புதான் பிள்ளே, மனசுல வச்சுக்காதே" என்றேன்.

அவள் கேட்டாள்.

"இப்பம் உள்ள வந்து பையச் சொல்லுகிய. அன்னைக்கு பையச் சொன்னியளா அண்ணாச்சி?"

நான் தலை குனிந்தேன்.

"உங்க பணம் வேண்டாம், கால்ல விழவும் வேண்டாம். எங்க நின்னு சொன்னியளோ அங்க நின்னு சொல்லுங்க. எந்தச் சத்தத்துல சொன்னியளோ அந்தச் சத்தத்துல சொல்லுங்க."

இறங்கி வெளியே வந்தேன். அன்றைக்குப் போலவே சாயங்கால நேரம், அதே சந்தைக் கூட்டம். வள்ளக்காரரும் தம்பிமாரும் பின்னாலேயே வந்து எதிர்க்கடை நிழலில் நின்றிருந்தார்கள். வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"இந்தப் பிள்ளை என் மெஷின்ல இருந்து ஒண்ணும் எடுக்கல்ல. ஸ்விட்சை அணைச்சுப் போட்டுட்டு நான்தான் பழி சொன்னேன். புதுக் கார்டு வாங்குனதும் பொய்."

பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. கூட்டத்தில் கரையில் என்னிடம் ஏலம் எடுக்கிற குறும்புக்காரன் ஒருவன் நின்றிருந்தான். கையை உயர்த்தி, "அண்ணாச்சி, இது ஒரு தரம்! ரெண்டாம் தரத்தை நல்லா விளியும், இங்கண கேக்கல்ல!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம்தான். இரண்டாம் தரம் சொன்னேன். இப்போது குரல் வந்தது. கரையில் வருகிற குரல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்றாம் தரத்தை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும், விளித்தால் மூன்று தரம் விளித்து முடிப்பதுதான் எங்கள் வழக்கம். மூன்றாவது தடவை பாதியில் குரல் உடைந்துவிட்டது. சொல்லி முடித்தேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வள்ளக்காரர் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தாண்டிக் கடைக்குள் போய், மகளின் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார். அவள் அதே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். என்னை மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "அந்தத் துணியைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு சோறு போட்டாள்.

இத்துடன் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்றிரண்டு வருஷம் கழித்துக் கருங்கல் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பேர் லேப்டாப் பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "குளச்சல் சந்தை ரோட்டுல ஒரு பொம்பளை கடை உண்டு, அங்க மட்டும் குடுக்காதே. உள்ள உள்ள சாமானத்தை உருவிருவாளாம்."

நான் முன்னால் குனிந்து, "அது பொய்யாக்கும். அந்தப் பிள்ளை தங்கம்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்து, "உமக்கு எப்பிடி ஓய் தெரியும்? பெரிய ஏலக்காரர் ஒருத்தரு கண்ணால பாத்துட்டுச் சொன்னதாக்கும்" என்றார்.

"அந்த ஏலக்காரன் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. பக்கத்து ஆளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த ஸ்டாப்பில் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

என் குரல் கடைசி வள்ளம் வரைக்கும் கேட்கும் என்று இத்தனை வருஷம் பெருமையடித்திருக்கிறேன். அன்றைக்குச் சந்தை ரோட்டில் நான் சொன்ன பழி எந்தெந்த ஊர் வரைக்கும் கேட்டது, மூன்று தரம் சொன்ன மன்னிப்பு அதில் பாதித் தூரமாவது போயிற்றா என்று ஒவ்வொரு பஸ் பயணத்திலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.