மூக்களவு கண்ணாடி

அழகுக்கு ஆசைப்பட்டு பைக்குக்கு ஒரு சாண் உயர விண்ட்ஷீல்டு வாங்கிய முட்டாள் நான். காற்று அதன்மேல் ஏறி நேராக முகத்தில் அறைகிறது. காதுவலியோடு எழுமலையில் தன் அம்மா வீட்டு வாசலில் இறங்கிய என் மனைவி, இந்த வண்டியில் திரும்ப மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

அவளை அழைத்துவரப் போகும் வழியில், உசிலம்பட்டிக் கடையொன்றில் உயரமான விண்ட்ஷீல்டு கண்ணாடி மாட்டுகிறேன். கடைக்காரர் என்னை வண்டியில் உட்காரவைத்து மூக்கையே உற்றுப் பார்க்கிறார். பெண் பார்க்கப் போனபோதுகூட இந்த மூக்குக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை.

"கண்ணாடி விளிம்பு மூக்குக்கு நேரா வந்துருச்சுண்ணே. இனி காத்து தலைக்கு மேல போயிரும்."

பின்சீட் வெயிலில் சும்மா காய்கிறது. என் தோளில் தாடையை ஊன்றி அவள் ஊர்வம்பு பேசி ஒரு வாரமாகிறது. போன் போடுகிறேன்.

"என் மூக்களவுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிட்டேன்டி. காத்தே அடிக்காது. கூப்பிட வாரேன், கெளம்பி இரு."

"உங்க மூக்குக்குச் சரி, பின்னால என் காதுக்கு? நான் பஸ்லயே வாரேன்."