தொடையில் ஒரு மை வட்டம்

டிஸ்பென்சரியில் நர்ஸ் முத்தடுப்பு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தபோது, அடியில் வெள்ளையாக ஏதோ மாவு போலப் படிந்திருப்பது தெரிந்தது. அவர் குலுக்கினார். குப்பி முழுவதும் பால் நிறமானது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். வீழ்படிவைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"சிஸ்டர், அடியில் என்ன அது?"

"அதுவா? அலுமினியம் சேர்ந்த உப்பு, மோளே. குலுக்காமப் போட்டா மருந்து பிடிக்காது."

கேரளத்துக்கார சிஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. என் மகள் வீறிட்டாள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்த வழியெல்லாம் என் தலைக்குள் ஒரே வார்த்தைதான். அலுமினியம்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் போய், அழுகை போய், எல்லாம் சரியானது. டெல்லிக் குளிரில் நல்ல வெயில் அடித்த ஒரு காலை, முற்றத்தில் கட்டிலைப் போட்டு அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலது தொடையில் விரல் நின்றது. தோலுக்கு அடியில் பட்டாணி போல ஒரு கட்டி.

பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த மாடிவீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டியும் தொட்டுப் பார்த்தார். "அரே, ஊசிக் கட்டிதானே! நல்லா அழுத்தி மாலிஷ் பண்ணு, கரைஞ்சிடும்," என்றார்.

பண்ணினேன். அதோடு விட்டேனா? கட்டி வளர்கிறதா, கரைகிறதா என்று தெரிய வேண்டாமா? திருஷ்டிக்காகக் கன்னத்தில் வைக்கும் கண் மை கைவசம் இருந்தது. அதைத் தொட்டுக் கட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். குளிப்பாட்டினால் மை கலையும். லேசாகத் தடம் மட்டும் நிற்கும். மறுநாள் அந்தத் தடத்தைச் சுற்றி மறுபடி வட்டம். நாளாக ஆக வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கட்டி வளர்கிறது என்றே முடிவு கட்டினேன்.

அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் ஞாபகசக்தி போகும் என்று ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். குக்கர், இட்லித் தட்டு எல்லாம் பரண் ஏறின. இட்லி மாவை எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி வேகவைத்தேன். பார்த்தால் கவிழ்த்து வைத்த தொப்பி மாதிரி இருக்கும். என் கணவர் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்து, "இதுக்கு சட்னி போதாதும்மா, சுத்தியலும் வேணும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டால் அந்த உலோகம் இன்னும் கொஞ்சம் அந்தச் சின்ன உடம்பில் ஏறும். போடாவிட்டால் கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் வெளியே காத்திருக்கின்றன. காலையில் போடலாம் என்று தோன்றும். மத்தியானம் வேண்டாம் என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் முகம் மழித்துவிட்டு, கீறின இடத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய், "ஐயோ, அதுவும் அலுமினியங்க!" என்றேன்.

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா?"

"பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். காலேஜ்ல நூல்ல கட்டித் தொங்கவிட்டு நானே வளர்த்திருக்கேன். கிளாஸ்லயே என்னோடதுதான் பெருசு."

"அச்சா. அப்போ வாசல்ல கறுப்புக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்கியே, குழந்தைக்கு திருஷ்டி படக்கூடாதுன்னு, அது?"

நான் வாசலைப் பார்த்தேன். கல் காற்றில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் கலங்கி வரும் குழாய்த் தண்ணீரைத் தெளியவைப்பதும் அதே கல்தான். வாசலில் தொங்குவதும் தசைக்குள் போவதும் ஒன்றில்லை என்று சண்டை போட்டேன். அது நியாயமான சண்டைதான்.

"நியாயம்தான்," என்று அவரும் ஒப்புக்கொண்டார். "அதை என்கிட்ட ஏன் கேக்கறே? டாக்டர்கிட்ட கேளு. நாளைக்கு லீவு போடறேன்."

மறுநாள் டிஸ்பென்சரியில் டாக்டரம்மா குழந்தையின் ஸ்வெட்டரை விலக்கி, தொடையைப் பார்த்துத் திகைத்தார். "யே க்யா ஹை? என்ன இது?"

என் ஆராய்ச்சியை ஹிந்தியில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் விரலால் தடவித் தேடினார். கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது. பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ தட்டுப்பட்டது.

"கட்டி இத்தனூண்டு. வட்டம் பூரி அளவு. மகளே, வளர்ந்தது கட்டியில்லை, உன் வட்டம்!"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆனாலும் நான் விடவில்லை. அந்த உலோகம் உடம்பிலேயே தங்கிவிடாதா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அந்த உப்பு மருந்தைச் சில காலம் அங்கேயே பிடித்து வைக்கும், அதனால்தான் உடம்பு அதைக் கவனித்து எதிர்ப்பை வளர்க்கும் என்றார். அந்த வேலையின் அடையாளம்தான் கட்டி. உப்பு மெல்ல மெல்லக் கரைந்து, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். தண்ணீரிலும் சாப்பாட்டிலும், ஏன் தாய்ப்பாலிலும்கூட அலுமினியம் துளி உண்டு.

"சிறுநீரகம் பழுதான குழந்தை என்றால் நானே யோசிப்பேன். இவளுக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆபத்தே கிடையாது என்று எந்த மருந்துக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கக்குவானில் மூச்சுத் திணறுகிற குழந்தையைப் பார்த்திருக்கிறேன். என் பேத்திக்கும் இதே ஊசிதான்." எழுந்துகொண்டே, "அப்புறம், அந்த மாலிஷை நிறுத்து. கட்டியை அழுத்தவே கூடாது," என்றார்.

ஆபத்தே கிடையாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சொல்லாததால் நம்பினேன். "போட்டுடலாம்," என்றேன், தமிழில். அவருக்குப் புரிந்துவிட்டது. சிஸ்டர் குப்பியைக் குலுக்கினார். இந்தமுறை இடது தொடை.

அன்றே பரணிலிருந்து இட்லித் தட்டு இறங்கியது. பூப்போல வந்த இட்லிகளை மாடிக்கும் அனுப்பினேன். ஆண்ட்டி அதைத் தயிரும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிட்டதைத் தடுக்க முடியவில்லை.

புத்திசாலியாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அழுத்தக்கூடாது என்றார், தொடக்கூடாது என்று சொல்லவில்லையே? சில நாள் கழித்து, வெயிலில், எண்ணெய்க் கையோடு லேசாக வலது தொடையில் பழைய கட்டியைத் தேடினேன். இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே. இல்லை. முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை விரல்களால் நடந்தேன். எங்கேயும் இல்லை.

தேடலை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். உடம்பை நெளித்தாள். காலை உதைத்தாள். பிறகு திடீரென்று வாய்விட்டு, கிளுகிளுவென்று, சத்தம் போட்டுச் சிரித்தாள். அதுவரை அவளிடமிருந்து நான் கேட்டிராத சத்தம்.

ஆண்ட்டி பின்னுவதை நிறுத்தினார். "ஏங்க, ஜல்தி வாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். அவர் வரும்வரை அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாதே என்று, இல்லாத கட்டியை விடாமல் தேடிக்கொண்டே இருந்தேன்.