முத்துக்குமார் மாட்டிய இரண்டாவது டோக்கன்

இது நடந்தது. எந்த ஏரி என்று மட்டும் கேட்காதீர்கள். ஓசூரில்தான். பெயரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் கேமராவும் கையுமாகப் போய் நிற்பார்கள், அங்கே பிழைப்பு நடத்துகிறவர் வாயில் மண் விழும். மற்றபடி நேரம், நாள் எல்லாம் உள்ளது உள்ளபடி. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. முத்துக்குமார் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஓசூரில் துடுப்புப் போட்டு ஓட்டும் கயாக் படகா என்று சிரிக்க வேண்டாம். பெங்களூருக்கு எது வந்தாலும் ஆறே மாதத்தில் எல்லை தாண்டி இங்கேயும் வந்துவிடும், போக்குவரத்து நெரிசல் உட்பட. பெரிய ஏரியில் கிளம்பி, அதைக் கரையோரமாக ஒரு வலம் வந்து, இரண்டு ஏரியையும் இணைக்கும் ராஜகால்வாயில் நுழைந்து, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து, சின்ன ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குக் கரை. ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகளின் விளக்கு, மறுபக்கம் சிப்காட் புகைபோக்கிகள். வழிகாட்டி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முன்னால் போவார். மற்றவர்கள் வாத்துக்குஞ்சுகளாட்டம் பின்னால் போவார்கள்.

முத்துக்குமாருக்கு முப்பத்தொரு வயது. வள்ளியூர்ப் பக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். அவனும் சுடலைமுத்துவும் ஒரே தெரு, ஒரே ஐடிஐ, ஆறு வருஷமாக ஒரே அறை. ஷிஃப்ட் முடிந்ததும் வருகைக் கார்டு தேய்க்க நீள வரிசை நிற்கும். கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. அதனால் இவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவன் வரிசையில் நின்று இரண்டு கார்டையும் தேய்ப்பான். இன்னொருவன் நேரே பஸ்ஸுக்கு ஓடி இரண்டு சீட் பிடிப்பான். செய்யக் கூடாத வேலைதான். ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை.

போன வருஷம் நவம்பரில், இரண்டாவது சனிக்கிழமை, கம்பெனி ஆட்கள் இரண்டு பஸ்ஸில் இந்த ஏரிக்குச் சுற்றுலா வந்தார்கள். அப்போது கரையில் ஒரு பலகை இருந்தது. தண்ணீரில் இறங்குகிறவர் தன் நம்பர் போட்ட டோக்கனை எடுத்து லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால் எல்லாரும் கரை ஏறிவிட்டார்கள் என்று கணக்கு. சுடலைமுத்துவின் ஜாக்கெட்டில் கொக்கி உடைந்திருந்தது. நீயே வச்சிக்கோலே என்று டோக்கனை இவன் சட்டைப் பையில் போட்டான்.

திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு ஒற்றைப் படகு; இருட்டில் அவை திசைக்கொன்றாகக் கலைந்தன. 6:52க்கு முத்துக்குமார் கரை ஏறினான். சுடலைமுத்துவைக் காணவில்லை. சீட் பிடிக்க ஓடியிருப்பான் என்று நினைத்தான். வேறென்ன நினைப்பான்? ஆறு வருஷப் பழக்கம். தன் டோக்கனை மாட்டினான். பையிலிருந்து நண்பனின் டோக்கனையும் எடுத்து மாட்டினான். பலகை நிறைந்தது. அன்றைய வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, படகுகளை எண்ணாமலே விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

இந்த பஸ்ஸில் அவன் இல்லை. சரி, அந்த பஸ்ஸில் இருப்பான் என்று முத்துக்குமார் உட்கார்ந்துகொண்டான். அறைக்கு வந்தும் ஆள் இல்லை. 8:40க்கு நான்கு பேர் ஏரிக்குத் திரும்பி ஓடினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் கிடைத்தான், கால்வாய் வாயில், கோரைப் புல்லுக்குள். யாரோ போட்டுவிட்டு மறந்த மீன்வலையில் கால் சிக்கியிருந்தது. பக்கத்தில் படகு கவிழ்ந்து கிடந்தது.

டோக்கனை மாட்டியது யார் என்று போலீஸ் கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. முத்துக்குமாரும் திறக்கவில்லை. படகு கவிழ்ந்தபோதே தலை கல்லில் அடிபட்டிருக்கும், ஒரு நிமிஷத்தில் போயிருக்கும் என்று யாரோ ஆறுதலுக்குச் சொன்னார்கள். அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஒரு வருஷம் சோறு தின்றான். ஒரு நிமிஷத்தில் போயிருந்தால் இவன் டோக்கன் மாட்டியதால் யாரும் சாகவில்லை. கொஞ்ச நேரம் உயிரோடு கிடந்திருந்தால்... அதற்கு மேல் அவனால் நினைக்க முடிந்ததில்லை.

சுடலைமுத்துவின் மனைவி சரஸ்வதி ஊரில் இருக்கிறாள். நாலு வயசு மகள் தர்ஷினி. மாசத்துக்கு ஒரு தரம் சரஸ்வதி இவனுக்குப் போன் செய்து, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்பாள். இவன் ஷிஃப்டில் இருப்பதாகப் பொய் சொல்லி வைத்துவிடுவான். கேட்கிறவளுக்கு இல்லாத கூச்சம் பதில் சொல்கிறவனைக் கொன்றது.

இந்த வருஷமும் நவம்பர் வந்தது. இரண்டாவது சனிக்கிழமை, முத்துக்குமார் தனியாக ஏரிக்குப் போய் ஒரு டிக்கெட் வாங்கினான். அந்தக் கோரைப் புல் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கல் இருக்கிறதா, தலை மோத வழி உண்டா, அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தான்.

இப்போது படகு விடுகிறவர் எல்லப்பன். முன்பு ஏரி மீன் பிடித்தவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். பலகையையும் டோக்கனையும் அவர் வந்த அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டார். ஆளுக்கு ஒரு நம்பர், கூப்பிட்டால் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். ஐந்து ஜோடி, ஐந்து படகு. ஒற்றையாக மிஞ்சியவன் முத்துக்குமார். இரண்டு பேர் உட்காரும் படகில் முன் சீட்டில் அவனை உட்கார வைத்தார். அவன் நம்பர் பதினொன்று.

மணி 5:48. படகு கரையை விட்டது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆள் இல்லாத பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. பின்பக்கம்தான் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. படகின் அமைப்பே அப்படி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

6:10. கால்வாய்க்குள் நுழைந்தார்கள். ஒற்றை ஆள் துடுப்புப் போட்டால் படகு இப்படியும் அப்படியும் ஆடும். பழகாதவனுக்கு நேரே போகாது. ஆனால் அவன் படகு கோடு போட்டாற்போலப் போனது. முன்னால் போன பெங்களூர்ப் பெண் திரும்பிப் பார்த்து, நீங்கள் இருவரும் நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். அவன் புரியாமல் சிரித்தான். 'இருவரும்' என்றாளே என்பது அப்புறம்தான் உறைத்தது.

சளக்... அவன் துடுப்பு.

சளக்... இது யாருடையது?

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். படகு நிற்கவில்லை. பின்னால் சளக்... சளக்... ஒரே சீராகக் கேட்டது. மெஷின் ஷாப்பில் கூலண்ட் எண்ணெய் வாடை அடிக்குமே, எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் போகாதே, அந்த வாடை வந்தது. அவன் அன்று லீவு. குளித்துவிட்டு வந்திருந்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வரவில்லை.

6:27. பாலத்துக்கு அடியில் கும்மிருட்டு. மேலே லாரிகள் ஓடும் அதிர்வு. எல்லப்பன் படகுகளை நிறுத்தி நம்பர் சொல்லச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் வந்தது. முத்துக்குமார் பதினொன்று என்றான்.

"பன்னெண்டு."

அவன் முதுகுக்குப் பின்னால். மெதுவாக. குளிரில் பல் அடித்துக்கொள்ளும் குரல்.

எல்லப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பதினொண்ணுதானே வரணும். யாரு வெளையாடறது? இன்னொரு தபா சொல்லுங்க."

மறுபடி சொன்னார்கள். மறுபடியும் பன்னிரண்டு வந்தது. மூன்றாம் தரம் பதினொன்றோடு நின்றது. எல்லப்பன் தன் நெற்றி விளக்கை முத்துக்குமார் படகின் மேல் காட்டினார். பார்த்தார். சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சின்ன ஏரிக்குப் போகவில்லை. இன்றைக்குப் போதும், திரும்பலாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது கால்வாய் வாயில் அவன் படகு தானாக ஒதுங்கியது.

6:50. கோரைப் புல். அவன் துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டான். அசையவில்லை.

கல் எதுவும் இல்லை. துடுப்பால் துழாவினான். எங்கே குத்தினாலும் சேறு. தலை மோத அங்கே ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்தான்.

கரை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. விளக்கு எரிந்தது. ஆட்கள் ஓடினார்கள். அங்கே பேசுவது தண்ணீர் மேல் வந்து காதில் விழுந்தது...

விளக்குக்குக் கீழே ஒரு பலகை.

எல்லப்பன் கழற்றி எறிந்த பலகை.

அதன் முன்னால் ஒருவன் வந்து நின்றான். நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒரு டோக்கனை மாட்டினான். சட்டைப் பையில் கை விட்டான். இன்னொன்றை எடுத்தான்...

6:52.

முத்துக்குமார் கத்தினான். மாட்டாதடா, மாட்டாதடா என்று தொண்டை கிழியக் கத்தினான்.

கரையில் நின்ற முத்துக்குமார் திரும்பவில்லை. மாட்டிவிட்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தூறலில் ஓடினான்.

பஸ் கிளம்பும் சத்தம். விளக்கு அணைந்தது.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

படகின் பின்பக்கம் லேசாகி மேலே எழும்பியது.

எல்லப்பன் தேடிக்கொண்டு வந்தபோது மணி 7:05. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். கரையில் இறக்கிவிட்டு, பின் சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். "தெரிஞ்சவரா சார்?" என்று மட்டும் கேட்டார். முத்துக்குமார் தலையாட்டினான். அவர் ஒரு துண்டு கொடுத்தார்.

முத்துக்குமார் அங்கேயே உட்கார்ந்து அழுதான். கரையிலிருந்து அந்த இடம் நூறு அடி இருக்குமா? அவ்வளவுதான். பிறகு சரஸ்வதிக்குப் போன் செய்தான். இனி ஒரு நாள் கூட அதை வயிற்றில் வைத்திருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

"சரசு, அந்த டோக்கன மாட்டுனது நான்தான்மா. அவன் வந்துட்டான்னு நெனச்சு நான்தான் மாட்டுனேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"எத்தன மணிக்கு அண்ணே மாட்டுனிய?"

ஆறு ஐம்பத்திரண்டு என்றான். அவள் அழத் தொடங்கினாள். ஒரு வருஷமாக அவளும் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னால், அப்போதே ஏன் நாலு பேரிடம் சொல்லவில்லை என்று ஊரே தன்னைக் கேட்கும் என்று பயந்தாளாம்.

"அன்னைக்கு ஏழு இருவத்தொண்ணுக்கு அவிய எனக்குப் போன் பண்ணுனாவ அண்ணே."

"என்ன சொன்னான்?"

"குளிருதுன்னாவ. முத்து இப்ப வந்துருவான்னாவ. பின்னால பஸ்ஸுக்குள்ள எல்லாரும் கைதட்டிப் பாடுத சத்தம் நல்லாக் கேட்டுச்சு. வண்டியிலதான இருக்காவன்னு நெனச்சு, பிள்ளைக்குச் சோறு ஊட்டணும்னு நான்தான் வச்சிட்டேன்."

முத்துக்குமார் அன்றைய நேரத்தை நினைத்துப் பார்த்தான். 7:21க்கு பஸ் சிப்காட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் பாடினார்கள். அவனும் கைதட்டினான். சுடலைமுத்து தண்ணீரில் இறங்குமுன் நனைந்துவிடும் என்று தன் போனை நண்பனிடம்தான் கொடுத்திருந்தான். அன்று இரவு அதை போலீஸிடம் எடுத்துக் கொடுக்கும் வரை, அது முத்துக்குமாரின் மடியில் இருந்த பைக்குள்தான் கிடந்தது.